ஐந்தாவது வீதிப் பட்டியல்

ஜூன் 8, திங்கள்

தலைவலி வரும் நாளையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்குப் படுத்தேன், அன்றைக்கு என்ன நடந்தது, மனசு எப்படி இருந்தது, எல்லாம் எழுத வேண்டுமாம். மனசு எப்படி இருந்தால் அவருக்கென்ன? பனியன் கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங் டேபிளில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவளுக்குக் கால்தான் இருக்கிறது, மனசுக்கு எங்கே போவது. சரி, எழுதித் தொலைக்கிறேன்.

இன்று தலைவலி உண்டு. இடது பக்கம். காலையில் பழைய சோறு. ஒன்றரை ஷிப்ட்.

நாங்கள் இருக்கும் லைன் வீட்டில் எட்டுக் குடித்தனம். ஓனர் கோயமுத்தூரில் இருப்பதால் சாவி, மோட்டார், தண்ணி எல்லாம் என் பொறுப்பு. காலை ஐந்தரைக்கு மோட்டார் போட்டு, வீட்டுக்கு எட்டுக் குடம் என்று பார்த்துவிட வேண்டும். இன்றைக்குத் தலையைத் தூக்க முடியவில்லை. மூன்றாம் வீட்டு மினதிதான் எல்லாருக்கும் பார்த்துவிட்டு எனக்கும் பிடித்து வைத்தாள். ஒரிசாக்காரி. எங்கள் கம்பெனியிலேயே எனக்கு எதிர் டேபிள். "சாந்தாமணிக்கா, நீ படு, நான் பாத்துக்கறேன்" என்றாள். ஆறு வருஷமாக இந்த ஊரில் இருந்தும் அவளுக்கு 'நீங்க' வராது. சூப்பர்வைசரையே நீ என்றுதான் சொல்லுவாள். சொன்னால் நாங்கள் சிரிப்போம், அவளும் சிரிப்பாள்.

ஜூன் 9, செவ்வாய்

தலைவலி இல்லை.

ஜூன் 13, சனி

மாநகராட்சித் தேர்தல் வருகிறதாம். மைக் கட்டிய ஆட்டோ நான்கு முறை வந்துவிட்டது. ஒவ்வொரு சத்தமும் மண்டைக்குள் ஆணி அடிக்கிறது.

போன இரண்டு தேர்தலுக்கும் நான் ஓட்டுப் போடவில்லை. லீவு விட்டார்கள், தூங்கினேன். என் வீட்டுக்காரர் சென்னியப்பன் அதற்கும் முந்தியிலிருந்தே போடுவதில்லை. சாயப்பட்டறையில் இருபது வருஷம் வேலை செய்து நெஞ்சு கெட்டுப்போய், இப்போது ஒரு குடோனில் வாட்ச்மேன். "எவன் வந்தா நமக்கென்ன? நாம ஷிப்டுக்குப் போனாத்தான் சோறு" என்பார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

ஜூன் 17, புதன்

இன்று ஒன்று நடந்தது. எழுதலாமா என்று தெரியவில்லை. தலைவலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

டீ டைமில் பக்கத்து டேபிள்காரி போனில் ஒரு ஆடியோவைப் போட்டாள். வேல்மாறன் என்று ஒருத்தர். முன்வாசல் இயக்கம் என்று வைத்திருக்கிறாராம், கதவுதான் சின்னம். தினமும் காலையில் இரண்டு நிமிஷம் பேசி எல்லார் போனுக்கும் அனுப்புகிறாராம். நான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன்.

"நான் அரசியல் பேச வரலீங்க. நீங்களும் கேக்க வேண்டாம். நான் ஒரு அக்காவைப் பத்திப் பேச வந்திருக்கேன். அந்தக்கா காலைல எட்டரைக்கு டேபிள்ல நின்னா, ராத்திரி எட்டரைக்குத்தான் உக்காருது. ஒரு ஸ்டூல் போட்டுத்தரக் கம்பெனிக்கு மனசில்ல. பாத்ரூம் போனா வாட்சைப் பாக்கறான். ராத்திரி வீட்டுக்குப் போய் அந்தக்கா காலைச் செவுத்துல தூக்கி வெச்சுட்டுப் படுக்குது. அந்த நரம்பு வலியைப் பத்தி எந்தக் கட்சிக்காரனாவது இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை பேசியிருக்கானா?"

நான் தினமும் காலைச் சுவரில் தூக்கி வைத்துத்தான் படுக்கிறேன். என் கெண்டைக்காலில் நீல நரம்பு புழு மாதிரி சுருண்டு கிடக்கிறது. என்னோடு படுக்கிற மனுஷனே அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. முந்தானையால் மூடிக்கொண்டு, பஞ்சுத் தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்று சொன்னேன்.

ஜூன் 18, வியாழன்

அவர்கள் நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தேன். சும்மாதான்.

ஜூன் 19, வெள்ளி

அந்த இயக்கத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "சாந்தாமணி அக்காங்களா? சாப்ட்டீங்களாக்கா?" என்று ஆரம்பித்து, என் பேர், ஆதாரில் இருக்கிற பிறந்த தேதி, வீதி, வேலை, உடம்புக்கு என்ன என்று எல்லாம் கேட்டாள். தலைவலியைச் சொன்னேன். "ஐயோ, பாத்துக்கங்கக்கா, வெய்யில்ல போகாதீங்க" என்றாள். ஓட்டைப் பற்றி ஒரு பேச்சில்லை.

கம்பெனியில் நான் ஏழாம் டேபிள். வீட்டில் நான் 'இந்தா'. ஓனருக்கு நான் 'லைன் வீட்டம்மா'. இத்தனை மரியாதையாக என் பேரைச் சொல்லி யார் கூப்பிட்டார்கள் இந்த ஊரில்? யோசித்துப் பார்த்தேன், ஒருத்தர் பேரும் ஞாபகத்துக்கு வரவில்லை.

தலைவலி இல்லை.

ஜூன் 25, வியாழன்

ஆதார் கார்டில் இன்றைக்கு எனக்குப் பிறந்தநாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் தன் இஷ்டத்துக்குப் போட்ட தேதி அது. நான் பிறந்தது மார்கழியில். இருந்தாலும் காலை ஆறு மணிக்கு வேல்மாறன் குரலில் ஒரு ஆடியோ வந்தது. "சாந்தாமணி அக்கா, நூறு வருஷம் நல்லாருக்கோணும். உங்க தம்பி வேல்மாறன்."

வீட்டுக்காரரிடம் போட்டுக் காட்டினேன். "எனக்குந்தான் போன வாரம் வந்துது, சென்னியப்பன் அண்ணான்னு. மிஷின்ல பேரை மாத்தி மாத்திப் போடறானுங்க. இதுக்குப் போயி இப்படிப் பல்லைக் காட்டறே" என்றார்.

மிஷின் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். மிஷினுக்காவது என் பேர் தெரிந்திருக்கிறதே. அவர் கட்டிலுக்குப் போன பிறகு இன்னும் நாலு தடவை கேட்டேன்.

ஜூன் 28, ஞாயிறு

முன்வாசல் இயக்கத்திலிருந்து கோகுல் என்ற பையன் வீட்டுக்கே வந்தான். மெயின் ரோட்டில் செல்போன் கடை வைத்திருப்பவன். கும்பிடு போடவில்லை, நோட்டீஸ் தரவில்லை. வாசல்படியிலேயே உட்கார்ந்து தண்ணி வாங்கிக் குடித்தான். "இந்த வீதில என்ன குறைங்கக்கா?" என்றான். சாக்கடை அடைத்து ஒரு மாசமாகிறது என்றேன். போனிலேயே யாரையோ சத்தம் போட்டான்.

ஜூன் 30, செவ்வாய்

சாக்கடை அள்ளிவிட்டார்கள். நம்பவே முடியவில்லை. மினதிகூட, "அக்கா, நீ சொன்னா கவர்மெண்டே கேக்குதா?" என்றாள். எனக்குச் சிரிப்பாக வந்தது. பெருமையாகவும்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

ஜூலை 5, ஞாயிறு

கோகுல் கழுத்தில் மாட்டும் கார்டு கொண்டுவந்து கொடுத்தான். என் போட்டோ. 'சாந்தாமணி, வீதிப் பொறுப்பாளர், ஐந்தாவது வீதி.' கீழே வேல்மாறன் கையெழுத்து. "எனக்கு அரசியல் தெரியாதே தம்பி" என்றேன். "அதனாலதாங்கக்கா உங்ககிட்ட வந்திருக்கோம். தெரிஞ்சவனெல்லாம் திருடன்" என்றான்.

கண்ணாடி முன்னால் மாட்டிப் பார்த்தேன். கழற்றி வைக்க மனசு வரவில்லை. சமைக்கும்போதும் கிடந்தது, ரசம் தெறித்துவிட்டது. ஈரத்துணியால் துடைத்தேன்.

ஜூலை 8, புதன்

இன்றைய ஆடியோ கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது.

"அக்காவுக்கு ஏன் ஸ்டூல் கிடைக்கல? நின்னுட்டே வேலை செய்ய இன்னொருத்தன் ரயிலேறி வந்துட்டான். பாத்ரூம் போகாம வேலை செய்யறேன்னு சொல்லிட்டான். மொதலாளிக்கு அக்கா எதுக்கு இனிமே? யாருன்னே தெரியாதவன் நம்ம வீதிக்குள்ள, நம்ம குழாயடிக்குள்ள வந்துட்டான். நம்ம முன்வாசலை நாம பூட்ட வேண்டாமா?"

யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் செக்கிங்கில் எல்லாரும் நம்ம சனம். அப்போது ஸ்டூல் இருந்ததா என்று வீட்டுக்காரர் கேட்டார். இல்லைதான். அதற்காக?

மினதியை அவர் சொல்லவில்லை. மினதி வேறு. அவளும் என்னோடுதான் நிற்கிறாள்.

ஜூலை 10, வெள்ளி

பயங்கரத் தலைவலி, வாந்தி. பாதி ஷிப்டில் வந்துவிட்டேன். சாயங்காலம் மினதி தைலம் கொண்டுவந்து ஒரு மணி நேரம் தேய்த்துவிட்டாள். கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தேன். ஒரிசாப் பாட்டு ஏதோ முணுமுணுத்தாள். கார்டைப் பார்த்துவிட்டு, "போட்டோல அழகா இருக்கே அக்கா" என்றாள்.

ஜூலை 12, ஞாயிறு

ஒரு ஃபாரத்தைக் கொண்டுவந்தான் கோகுல். வீதியில் வெளிமாநில ஆட்கள் யார் யார், எந்த வீடு, எங்கே வேலை, ஆதார் இருக்கிறதா. "எதுக்குத் தம்பி?" என்றேன். "பாதுகாப்புக்குத்தாங்கக்கா. ஒரு கணக்கு வேணுமில்ல? உங்களை மாதிரி பொறுப்பா எழுத இந்த வார்டுலயே ஆளில்லன்னு வேல்மாறன் அண்ணனே சொன்னாருங்க" என்றான்.

லைன் வீட்டுக்காரர்களின் ஆதார் நகல் எல்லாம் என்னிடமே ஒரு கவரில் இருக்கிறது. மற்ற வீடுகளுக்குக் கார்டை மாட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். பயந்து பயந்து எடுத்துக் காட்டினார்கள். என்னைப் பார்த்து யாரும் அப்படி எழுந்து நின்றதில்லை. மத்தியானம் சாப்பிடக்கூட இல்லாமல் முப்பத்தோரு பேரை எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல், என் கையெழுத்து அவ்வளவு சுத்தம்.

ஒன்பது பேருக்குப் பேப்பர் சரியில்லை. சிலருக்குக் கார்டில் ஒரு பேர், வாயில் ஒரு பேர். மினதிக்குப் புதுக் கார்டு இன்னும் வரவில்லை, விண்ணப்பித்த ரசீது மட்டும்தான். அந்த ஒன்பது பேருக்கு நேராகக் கம்பெனிப் பையிலிருந்து சிவப்பு அம்பு ஸ்டிக்கர் எடுத்து ஒட்டினேன். செக்கிங்கில் அதுதான் வழக்கம். சந்தேகமாக இருக்கிற பீஸில் அம்பு ஒட்டித் தனியாக வைப்போம். அது கழிவு கிடையாது. இன்னொருத்தர் நிதானமாகப் பார்த்து, பாதிக்கு மேல் பாஸ் பண்ணிவிடுவார்கள். எங்கள் கம்பெனியில் அந்த ரெண்டாம் செக்கிங்தான் மினதியின் வேலை.

கோகுல் வாங்கிப் பார்த்துவிட்டு, "சூப்பருங்கக்கா, ஒரே பார்வைல தெரியுது" என்றான்.

தலைவலி இல்லை. நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 16, வியாழன்

வீதி வாட்ஸப் குரூப்பில் பட்டியலைப் போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். மேலே எழுதியிருப்பது: 'நம் ஐந்தாவது வீதியில் ஒளிந்திருக்கும் ஒன்பது பேர். சிவப்பு அம்பைப் பாருங்கள்.'

கோகுலுக்கு ஐந்து முறை போன் அடித்தேன். எடுக்கவில்லை.

ஜூலை 17, வெள்ளி

எடுத்தான். "மறுபடி பாக்கோணும்னுதான் தம்பி நான் ஒட்டினது. ரசீது இருக்குது, கார்டு வந்துரும். குரூப்ல இருந்து எடுத்துருங்க" என்றேன். "எடுக்கச் சொல்லிடறேங்கக்கா, நீங்க வெசனப்படாதீங்க. உங்க வேலையை அண்ணன் ஆடியோல சொல்லப்போறாரு, கேளுங்க" என்றான்.

எடுக்கவில்லை. பக்கத்து வீதி குரூப்பிலும் வந்துவிட்டது.

ஜூலை 18, சனி

காலை ஆடியோவில் வேல்மாறன் சொன்னார்: "ஐந்தாவது வீதில ஒரு சாதாரண அக்கா. கட்சி தெரியாது, கொடி தெரியாது. கையில பேனாவை எடுத்துட்டு வாசல்ல நின்னுச்சு. நாடே அந்தக்காகிட்டக் கத்துக்கோணும்." என் பேரைச் சொல்லவில்லை. சொல்லாததே நல்லது என்று இருந்தது. சொல்லியிருக்கலாம் என்றும் இருந்தது. இந்த ரெண்டாவது நினைப்பை எழுதவே கூசுகிறது, ஆனால் இருந்தது.

மினதி மோட்டார் போட வந்தபோது நான் வெளியே போகவில்லை.

ஜூலை 19, ஞாயிறு

பேக்கரி முன்னால் மினதியின் வீட்டுக்காரன் பிஜயை அடித்துவிட்டார்கள். டீ குடிக்கப் போயிருக்கிறான். ஒருத்தன் போனில் பட்டியலில் மினதி பேருக்கு நேராக இருந்த அம்பைக் காட்டி, அவள் ரசீதைக் கேட்டிருக்கிறான். எடுத்துவர பிஜய் வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறான், ஓடுகிறான் என்று பிடித்துக்கொண்டார்கள். பட்டப்பகல், பதினோரு மணி. வலது கையைப் படியில் வைத்து மிதித்திருக்கிறார்கள். மூன்று விரல். அவன் டெய்லர்.

ஆஸ்பத்திரிக்கு என் வீட்டுக்காரர்தான் ஆட்டோவில் கொண்டுபோனார். நெஞ்சு இளைக்க இளைக்கத் தூக்கினார். திரும்பி வந்து சட்டையை ஊறப்போட்டார். "உன் கையெழுத்து நல்லாத்தான் இருக்குது" என்றார். அப்புறம் என்னோடு பேசவில்லை.

ஜூலை 20, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. ஓனர் போன் செய்தார். "லைன் வீட்டம்மா, எனக்கு வம்பு வேண்டாம். ஒரிசாக்காரங்களைக் காலி பண்ணச் சொல்லிருங்க. நாளைக்கே." நீங்களே சொல்லுங்கள் என்றேன். "பொறுப்பாளர் நீங்கதானே" என்றார். அவருக்கும் அந்தப் போட்டோ போயிருக்கிறது.

மினதி ஆஸ்பத்திரியிலிருந்து சாயங்காலம் துணி எடுக்க வந்தாள். என்னைப் பார்த்ததும் அழுதாள். நானும் அழுதேன். அழுதுகொண்டே, "எந்தப் பாவி எழுதிக் குடுத்தானோ" என்றேன். என் வாய்தான் சொன்னது. அவள் துணியை மடித்தாள்.

காலி பண்ணச் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 21, செவ்வாய்

நான் சொல்ல வேண்டிய வேலையை அவர்கள் வைக்கவில்லை. மத்தியானம் கட்டுப் போட்ட கையோடு பிஜய் வந்தான். இரண்டு பை, ஒரு பக்கெட், ஒரு குக்கர், அவ்வளவுதான் ஆறு வருஷம். சாவியைக் கொடுக்க மினதி மட்டும் என் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"டிக்கெட் கிடைச்சுதா?" என்றேன். வேறு என்ன கேட்பது.

"நின்னுட்டே போறோம். நின்னு பழக்கந்தானே" என்றாள். அப்புறம் சொன்னாள், "சாந்தாமணிக்கா, அம்பைப் பாத்ததுமே நீன்னு தெரிஞ்சுது. உன் அம்பு பீஸெல்லாம் ஆறு வருஷமா நான்தானே பாக்கறேன். நீ எப்பவும் கொஞ்சம் சாய்ச்சு ஒட்டுவே."

நான் சாவிக்குக் கையை நீட்டினேன்.

"நீ வெளிய போடச் சொல்லி ஒட்டல. இன்னொருக்கா பாக்கச் சொல்லித்தான் ஒட்டினே. அதும் எனக்குத் தெரியும். பிஜய்கிட்டயும் சொன்னேன், அக்கா மேல கோவப்படாதேன்னு." சாவியை என் கையில் வைத்தாள். "ஆனா அக்கா, அங்க இன்னொருக்கா பாக்கறதுக்கு யாரு இருக்கா?"

அவள் என்னை அடித்திருக்கலாம். நாலு பேருக்கு முன்னால் காறித் துப்பியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் இன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கியிருக்கும். வீதி முனை வரைக்கும் போனவள் திரும்பிப் பார்க்கவில்லை. பையை மாற்றிக்கொள்ள ஒரு இடத்தில் நின்றாள், அப்போதும் பார்க்கவில்லை.

ஜூலை 22, புதன்

தலைவலி.

ஜூலை 23, வியாழன்

தலைவலி. அம்பு விழுந்த மற்ற எட்டு பேரும் போய்விட்டார்கள். அம்பு விழாதவர்களும் போகிறார்கள்.

ஜூலை 27, திங்கள்

ரெண்டாம் செக்கிங்கில் ஆளில்லை. அதையும் நானே பார்க்கிறேன். ராத்திரி பத்து வரைக்கும் நிற்க வைக்கிறார்கள். ஸ்டூல் கேட்டேன். சூப்பர்வைசர் சிரித்தான்.

இன்றைய ஆடியோவில் ஸ்டூல் இல்லை, கால் வலி இல்லை. அடுத்து வெளிமாநில ஆட்களுக்கு வாடகைக்கு விடுகிற ஓனர்களை ஒரு கை பார்க்க வேண்டுமாம். முழுதாகக் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

கார்டைக் குப்பையில் போடலாம் என்று எடுத்தேன். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அம்மா வந்து, "பொறுப்பாளரக்கா, எங்க வீட்டு முன்னால லைட் எரியலீங்க" என்றாள். குரலில் ஒரு பணிவு. கார்டை மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். கோகுலுக்குச் சொன்னேன், சாயங்காலமே எரிந்தது.

வீட்டுக்காரர் இப்போது தட்டை அவரே போட்டுச் சாப்பிட்டுக்கொள்கிறார்.

ஆகஸ்ட் 6, வியாழன்

ஓட்டு. காலையிலேயே போய்விட்டேன். வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "நான் என்னைக்குப் போட்டேன்?" என்றார். அப்புறம், "நீயும் போகாதே. தூங்கு. எப்பவும் தூங்குவியே" என்றார். பதினெட்டு நாளைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது அதுதான். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

வரிசை வீதி முனை வரைக்கும் நின்றது. இத்தனை வருஷம் என்னை மாதிரியே தூங்கினவர்கள்தான் பாதிப் பேர். ஒரு கிழவர், எழுபது வயசிருக்கும், இதுதான் முதல் ஓட்டு என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போனிலும் யாரோ அவர் பேரைச் சொல்லி வாழ்த்தியிருப்பார்கள்.

அட்டை மறைப்புக்குப் பின்னால் நான் மட்டும்தான். கோகுல் இல்லை, வேல்மாறன் இல்லை. எந்தப் பட்டனை அமுக்கினாலும் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. விரல் சும்மாவே நின்றது. உள்ளேயிருந்த ஆபீசர், "அம்மா, சீக்கிரம்" என்றார்.

வேல்மாறன் சொன்னதெல்லாம் பொய்யென்றால், பிஜயின் விரலை உடைத்தவள் நான். அவர் சொன்னது நிஜமென்றால், ஊருக்கு ஒரு நல்லது செய்தவள் நான். மினதி சொன்னதுதான் சரி, அங்கே இன்னொருக்கா பார்க்க யாரும் இல்லை, அது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டு நான் எப்படி வீட்டுக்குப் போவது, எப்படிச் சமைப்பது, எப்படி நாளைக்கு அந்த டேபிளில் நிற்பது? அவர் ஜெயிக்க வேண்டும். எல்லாரும் சேர்ந்து அவர்தான் சரி என்று சொல்லிவிட வேண்டும். கதவில் அமுக்கினேன்.

வெளியே கோகுல் பந்தல் போட்டு மோர் கொடுத்துக்கொண்டிருந்தான். "ஆறாவது வீதிக்கும் நீங்களே எழுதிக் குடுத்துருங்கக்கா" என்றான். ஞாயிற்றுக்கிழமை லீவுதான், வந்து எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.